ஆன்லைனில் மருந்து: கொடுத்தவர் யார் என்று கேளுங்கள்

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரைகளை இப்போது பலர் கைப்பேசிச் செயலியிலேயே வரவழைத்துக்கொள்கிறார்கள். தள்ளுபடி கிடைக்கிறது, அலைச்சல் இல்லை, பக்கத்துக் கடையில் இல்லாத மருந்தும் ஓரிரு நாளில் வீடு தேடி வந்துவிடுகிறது. இது சட்டப்படி சரியா என்று கேட்டால், பதில் சொல்பவரைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. மருந்து வணிகர் சங்கங்கள் சட்டவிரோதம் என்கின்றன. இணைய விற்பனைக்கென்று தனிச் சட்டமே இல்லாதபோது நாங்கள் எதை மீறினோம் என்று செயலி நிறுவனங்கள் கேட்கின்றன. மத்திய அரசோ 2018-இல் ஒரு வரைவு விதியை வெளியிட்டுவிட்டு, ஆண்டுக்கணக்கில் அதை இறுதி செய்யாமல் வைத்திருக்கிறது. இந்தச் சச்சரவை நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. சட்டமே இல்லை என்பது தவறான பேச்சு. இருக்கிற சட்டம் விற்கப்படும் ஒவ்வொரு மாத்திரை அட்டைக்கும் பொறுப்பேற்கிற ஒரு மருந்தாளுநரைக் கேட்கிறது. அந்த ஆளைக் காட்ட முடிந்தால் விற்பனை எந்த வழியில் நடந்தாலும் ஏற்கலாம். காட்ட முடியாவிட்டால் அது தெருமுனைக் கடையில் நடந்தாலும் குற்றம்தான்.

1940-ஆம் ஆண்டுச் சட்டம் செயலியையும் கட்டும்

இந்தியாவில் மருந்து விற்பனையை ஆள்வது 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும், அதன்கீழ் 1945-இல் வந்த விதிகளும்தான். அச்சட்டத்தின் 18-ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் மருந்தை விற்பதை மட்டும் தடுக்கவில்லை; விற்பனைக்காக இருப்பு வைப்பது, காட்சிக்கு வைப்பது, விற்க முன்வருவது, விநியோகிப்பது எல்லாவற்றையும் சேர்த்தே தடுக்கிறது. சில்லறை விற்பனைக்கான உரிமம் படிவம் 20, 21 ஆகியவற்றில் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையால் தரப்படுகிறது. அதைப் பெற குறைந்தது 10 சதுர மீட்டர் பரப்புள்ள இடம் வேண்டும், மருந்தைக் கெடாமல் வைக்கும் வசதி வேண்டும், பதிவுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் வேண்டும். மருத்துவரின் சீட்டுக்குத் தரப்படும் எந்த மருந்தும் அந்த மருந்தாளுநரின் கையாலோ அவரது நேரடி மேற்பார்வையிலோதான் போக வேண்டும் என்கிறது 65-ஆம் விதி. 1948-ஆம் ஆண்டின் மருந்தாளுமைச் சட்டமும் இதையே தன் பங்குக்கு உறுதிப்படுத்துகிறது. உரிமம் இன்றி விற்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறையும், ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. சிறை ஐந்து ஆண்டு வரை நீளலாம்.

இவற்றில் எங்கேயும் இணையம் என்ற பேச்சு இல்லை. 1940-இல் இருந்திருக்கவும் முடியாது. ஆனால் இல்லாமை விதிவிலக்கு ஆகிவிடாது. இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை இயக்குநர் 2015 டிசம்பர் 30-இல் மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொன்னது: வழக்கமான விற்பனைக்கும் இணைய விற்பனைக்கும் விதிகள் வேறுபாடு காட்டவில்லை, ஆகவே இரண்டுக்கும் ஒரே கட்டுப்பாடுதான். இதற்குச் செயலி நிறுவனங்கள் தரும் பதில் ஒன்று உண்டு. நாங்கள் விற்பவர்கள் அல்லர், வாங்குபவரையும் உரிமம் பெற்ற கடையையும் இணைத்துவிடும் இடையாள்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் இடையாளுக்குப் பாதுகாப்புத் தருகிறது என்பது அவர்கள் வாதம். துணியும் செருப்பும் விற்கும் தளத்துக்கு இந்த வாதம் ஓரளவு பொருந்தலாம். மருந்தில் பொருந்துவது கடினம். விலையைத் தீர்மானிப்பது, தள்ளுபடி தருவது, சீட்டைச் சரிபார்ப்பதாகச் சொல்வது, எந்தக் கிடங்கிலிருந்து எடுப்பது என்று முடிவுசெய்வது, பொட்டலத்தின்மேல் தன் பெயரை அச்சிடுவது எல்லாம் செயலியே செய்துவிட்டு, பிழை நேரும்போது மட்டும் இடையாளாகிவிட முடியாது. மேலும், இடையாளுக்கான பாதுகாப்பும் உரிய கவனத்தோடு நடந்துகொண்டவருக்கே கிடைக்கும் என்று அந்தச் சட்டமே நிபந்தனை விதிக்கிறது.

சீட்டின் புகைப்படம்

மருந்துச் சட்டத்தின் உயிர்நாடி மருத்துவரின் சீட்டு. ஷெட்யூல் எச் பட்டியலில் உள்ள மருந்துகளைச் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது. மாத்திரை அட்டையில் ‘ஆர்எக்ஸ்’ என்ற குறி இருந்தால் அது இந்த வகை. 2014 மார்ச் 1 முதல் இதற்குள் இன்னும் இறுக்கமான எச்1 பட்டியல் நடைமுறைக்கு வந்தது. வலுவான சில ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், அல்பிரசோலம், டயசிபாம், டிரமடால் போன்ற பழக்கப்படுத்தும் மருந்துகள் இதில் உள்ளன. இவற்றை விற்கும்போது எழுதித் தந்த மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இன்னும் கடுமையான கட்டுப்பாடுள்ள எக்ஸ் பட்டியல் மருந்துகளுக்குச் சீட்டே இரண்டு பிரதிகளாக வேண்டும். ஒன்று கடையில் இரண்டு ஆண்டுகள் இருக்கும்.

பலரும் அறியாத இன்னொரு விதிதான் இணைய விற்பனையின் பலவீனத்தைச் சரியாகத் தொடுகிறது. மருத்துவர் திரும்ப வாங்கலாம் என்று எழுதாத வரையில், ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து தரலாம். மருந்து கொடுத்ததும் கடையின் பெயர், முகவரி, தேதி ஆகியவற்றை அந்தச் சீட்டின்மேலேயே குறிக்க வேண்டும். அடுத்த கடைக்காரர் அதைப் பார்த்து, ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்று அறிந்துகொள்வார். சீட்டைப் படம் பிடித்துச் செயலியில் ஏற்றும்போது இந்தக் காவல் மறைந்துபோகிறது. மூலச் சீட்டு வாங்குபவர் கையிலேயே குறியில்லாமல் இருக்கிறது. அதே படத்தை ஒரே நாளில் ஐந்து செயலிகளில் ஏற்றி, ஐந்து பங்கு தூக்க மாத்திரை வாங்கலாம். தேதியைத் திருத்துவதும் பெயரை மாற்றுவதும் கைப்பேசியிலேயே முடிகிற வேலை. செயலிகளில் சீட்டைச் சரிபார்க்கும் மருந்தாளுநர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், அவர்கள் தங்கள் தளத்தில் ஏறிய படத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். அடுத்த தளத்தில் நடந்தது அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை.

சீட்டு இல்லையா, எங்கள் மருத்துவர் உங்களை அழைப்பார் என்று சொல்லும் ஏற்பாடு இன்னும் கவலை தருவது. தொலைமருத்துவம் சட்டப்படி செல்லும். 2020 மார்ச்சில் வந்த வழிகாட்டுதல்கள் அதை ஒழுங்குபடுத்தியிருக்கின்றன. ஆனால் அவை முதல் ஆலோசனையில் வீடியோ வழியாக மட்டுமே எழுதக்கூடிய மருந்துகளையும், தொடர் சிகிச்சையில் மட்டும் எழுதக்கூடியவற்றையும் தனித்தனியே பிரித்திருக்கின்றன. எக்ஸ் பட்டியல் மருந்துகளையும் போதைப்பொருள் சட்டத்தில் வருபவற்றையும் தொலைவிலிருந்து எழுதவே கூடாது என்கின்றன. நோயாளி எந்த மருந்து வேண்டும் என்று தேர்ந்தெடுத்துப் பணமும் கட்டிய பிறகு, அதற்கேற்ற சீட்டை எழுத ஒரு மருத்துவரை அழைப்பது இந்த வழிகாட்டுதல்களின் நோக்கத்துக்கே எதிரானது. நோயைக் கேட்டு மருந்து எழுதுவதுதான் மருத்துவம். அங்கே விற்பனை முடிந்தபின் அதற்கு ஒரு கையெழுத்துத் தேடப்படுகிறது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று தோன்றலாம். மெத்தோட்ரெக்சேட்டை எடுத்துக்கொள்வோம். முடக்குவாதத்துக்கு அதை வாரம் ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டுவிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். உலகின் பல நாடுகளில் இப்படி மரணங்கள் பதிவாகியிருக்கின்றன. நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை எடுப்பவர், வெளியே சொல்லக் கூச்சப்பட்டு ஆன்லைனில் ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் வாங்கிச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஒரேயடியாகச் சரியும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் சேர்த்துக்கொண்டால் உள்ளே ரத்தக் கசிவு ஏற்படலாம். இவற்றில் பின் இரண்டையும் ஒரு நல்ல மருந்தாளுநரால் ஒரே கேள்வியில் தடுத்துவிட முடியும்: வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? முகத்தை வெளுக்கவைக்கும் என்று நம்பிப் பூசப்படும் ஸ்டீராய்டு களிம்புகள் 2018-இல் ஷெட்யூல் எச்-இல் சேர்க்கப்பட்டன. அப்படியும் அவை கேள்வி கேட்பார் இல்லாமல் கைமாறுகின்றன. தமிழ்நாட்டில் வலிநிவாரணி மாத்திரைகளைக் கரைத்துப் போதைக்காக ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றிய செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த மாத்திரைகள் பல நேரம் வேறு மாநிலங்களிலிருந்து கூரியரில் வருகின்றன என்பதையும் காவல்துறை வழக்குகள் காட்டியிருக்கின்றன.

பில்லில் இருக்கும் பேட்ச் எண்

2025 அக்டோபரில் நாட்டையே உலுக்கிய கோல்ட்ரிஃப் இருமல் மருந்து விவகாரத்தை இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். அது இணைய விற்பனையால் வந்த கேடு அன்று. ஆலையில் நடந்த தவறு. ஆனால் நச்சு மருந்து வெளியே போய்விட்டது என்று தெரிந்த மறுநிமிடம் கேட்கப்படும் கேள்வி, அந்த பேட்ச் யார் யார் வீட்டில் இருக்கிறது என்பதுதான். சில்லறை பில்லில் மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதி தேதி இருந்தால் அதற்கு விடை கிடைக்கும். மருந்துக்கடை பில்லை யாரும் பொருட்படுத்துவதில்லை. திரும்பப் பெறும் அறிவிப்பு வரும் நாளில் குழந்தையைக் காக்கக்கூடிய ஒரே தாள் அதுதான்.

இந்த விஷயத்தில் ஆன்லைன் மருந்தகங்களுக்கு ஒரு பெரிய வாய்ப்பு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். யார், எப்போது, எந்த மருந்தை வாங்கினார் என்பது அவர்களிடம் கணினியில் இருக்கிறது. தெருமுனைக் கடையால் செய்ய முடியாததை, அதாவது ஒரு குறிப்பிட்ட பேட்ச்சை வாங்கிய எல்லோருக்கும் ஒரு மணி நேரத்தில் எச்சரிக்கை அனுப்புவதை, அவர்களால் செய்ய முடியும். அதைச் சட்டக் கடமையாக்காமல் விட்டிருப்பது நாம் இழந்துகொண்டிருக்கும் நன்மை. குளிர்பதனம் இதற்கு நேர்மாறு. இன்சுலினைத் திறக்கும்வரை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். கடையின் குளிர்பெட்டியை மருந்து ஆய்வாளர் வந்து பார்க்கலாம். மே மாத வெயிலில் இருசக்கர வண்டியின் பின்னால் கட்டிய பையை யார் பார்ப்பது? வழியில் சூடேறிக் கெட்ட இன்சுலின் பெரும்பாலும் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். சர்க்கரை ஏறும்போது நோயாளி மருந்தைச் சந்தேகிப்பதில்லை, தன் சாப்பாட்டைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார்.

நிறைவேறாத வரைவு

2018 ஆகஸ்ட் 28-இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வரைவு மோசமானது அன்று. ஆன்லைன் மருந்தகம் நடத்துவோர் மத்திய உரிமம் வழங்கும் அதிகாரியிடம் 50,000 ரூபாய் கட்டணம் செலுத்திப் பதிவுசெய்ய வேண்டும், பதிவு மூன்று ஆண்டுக்குச் செல்லும், போதை மருந்துகளையும் எக்ஸ் பட்டியல் மருந்துகளையும் விற்கக் கூடாது, மருந்தை விளம்பரம் செய்யக் கூடாது, நோயாளியின் விவரத்தை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது, கேள்வி கேட்பவருக்குப் பதில் சொல்ல மருந்தாளுநர் இருக்க வேண்டும் என்றெல்லாம் அது சொன்னது. ஒரே சீட்டு பல தளங்களில் சுற்றுவதைத் தடுக்க அதில் வழி இல்லை என்பது அதன் பெரிய குறை. மத்தியில் பதிவு, மாநிலத்தில் கடை உரிமம் என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும்போது தவறுக்கு நடவடிக்கை எடுப்பது யார் என்பதும் தெளிவாகவில்லை. இவை திருத்தக்கூடிய குறைகள்.

நீதிமன்றங்கள் அழுத்தம் தராமல் இல்லை. 2018 டிசம்பர் 12-இல் டெல்லி உயர் நீதிமன்றம் உரிமமற்ற இணைய விற்பனைக்கு இடைக்காலத் தடை விதித்தது. தமிழ்நாடு மருந்து வணிகர் சங்கம் தொடுத்த வழக்கில் அதே மாதம் 17-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி புஷ்பா சத்யநாராயணா, விதிகளை 2019 ஜனவரி 31-க்குள் அரசிதழில் வெளியிடச் சொல்லி, அதுவரை இணைய விற்பனை கூடாது என்றார். சில நாட்களில் இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்திவைத்தது. நோயாளிகள் நடுவழியில் மருந்தில்லாமல் தவிக்கக் கூடாது என்ற எண்ணம் நியாயமானதே. ஆனால் அந்த இடைவெளியை அரசு விதி வகுக்கப் பயன்படுத்தவில்லை. 2020 மார்ச் 26-இல் கொரோனா ஊரடங்கின்போது வீட்டுக்கே மருந்து கொண்டுசெல்ல அனுமதித்த அறிவிப்பைப் பாருங்கள்: உரிமம் பெற்ற கடை, அதே வருவாய் மாவட்டத்துக்குள் விநியோகம், நாட்பட்ட நோய்க்கு 30 நாளுக்குள் எழுதிய சீட்டு, திடீர் நோய்க்கு 7 நாளுக்குள் எழுதிய சீட்டு, எச்1, எக்ஸ், போதை மருந்துகளுக்கு இடமில்லை. அவசரத்தில் சில நாட்களில் இவ்வளவு தெளிவாக எழுத முடிந்த ஒரு அரசு, அமைதிக் காலத்தில் ஆண்டுக்கணக்கில் எழுதாமல் இருப்பதற்கு நியாயம் சொல்ல முடியாது. 2023 பிப்ரவரியில் இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. நோட்டீஸ் விதிக்கு மாற்று ஆகாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 ஜூலை முதல், பொதுமக்களுக்கு இணையத்தில் மருந்து விற்கும் சட்டபூர்வமான தளம் ஒவ்வொன்றும் ஒரு பொது முத்திரையைக் காட்ட வேண்டும். அதை அழுத்தினால் அந்நாட்டு அரசின் பட்டியல் திறக்கும். கடை அதில் இருக்கிறதா என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். இந்தியாவில் இதைச் செய்யப் புதிய அறிவியல் எதுவும் தேவையில்லை.

“பக்கத்துக் கடைக்காரர் மட்டும் சீட்டுக் கேட்கிறாரா?”

இணைய விற்பனைக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் மிகவும் வலுவான வாதம் இதுதான். தெருமுனைக் கடையில் ஆன்டிபயாடிக்கைச் சீட்டில்லாமல் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிறது. மருந்தாளுநரின் சான்றிதழ் சுவரில் தொங்க, கல்லாவில் வேறொருவர் நிற்பதும் எல்லோரும் அறிந்தது. 2015-இலும் 2017-இலும் 2018-இலும் நாடு தழுவிய கடையடைப்பு நடத்திய வணிகர்களுக்கு நோயாளி நலனோடு வியாபார நலனும் இருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த வாதம் கடைகளைத் திருத்தச் சொல்கிறதே தவிர, இணையத்தைக் கட்டுப்பாடின்றி விடச் சொல்லவில்லை. ஒரு கடை செய்யும் தவறு அந்தத் தெருவோடு நிற்கும். அந்தக் கடை எங்கே இருக்கிறது என்று மருந்து ஆய்வாளருக்குத் தெரியும். செயலியில் இருக்கும் ஓட்டை ஒரே இரவில் நாடு முழுவதும் திறந்திருக்கும். பெரிய அளவில் விற்பவருக்குப் பெரிய பொறுப்பு வேண்டும் என்பதில் அநீதி இல்லை.

விலையையும் வசதியையும் நான் சிறிதும் குறைத்துப் பேசமாட்டேன். வாழ்நாள் முழுதும் ஐந்தாறு மாத்திரை சாப்பிட வேண்டியவருக்குப் பத்துப் பதினைந்து சதவீதத் தள்ளுபடி பெரிய தொகை. படுக்கையில் இருக்கும் முதியவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், மனநல மருந்தோ எச்ஐவி மருந்தோ ஊரில் கேட்டு வாங்கக் கூசுபவர், அரிய மருந்து கிடைக்காத சிற்றூர்க்காரர் ஆகிய எல்லோருக்கும் வீட்டுக்கு வரும் மருந்து ஒரு விடுதலை. அதனால்தான் முழுத் தடை வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்க முடியவில்லை. தடை விதித்தால் உரிமத்தோடு இயங்க முயலும் நிறுவனங்கள் மூடப்படும். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் விற்கும் பெயரற்றவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். ஆனால் வீட்டுக்கு வரும் மருந்தை அதிகம் நம்பியிருப்பவர்களுக்குத்தான் பாதுகாப்பும் அதிகம் தேவை. கடைக்குப் போக முடியாத முதியவரால் மருந்தாளுநரை நேரில் கேட்கவும் முடியாது. அவருக்குத் தொலைபேசியில் ஒரு மருந்தாளுநரின் குரல் கிடைத்தே ஆக வேண்டும். கூச்சத்தால் ஆன்லைனுக்குப் போகிறவரின் நோய் விவரம் விளம்பர நிறுவனத்திடம் போய்ச் சேரக் கூடாது. ஒருவர் என்ன மாத்திரை வாங்குகிறார் என்று தெரிந்தால் அவருக்கு என்ன நோய் என்று தெரிந்துவிடும். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், மருந்துக் கொள்முதல் விவரத்துக்கு மருந்து விதியிலேயே தனிக் காவல் வேண்டும்.

விதி எழுதுவோர் முன்னால் மூன்று வேலைகள் இருக்கின்றன. எல்லாத் தளங்களும் கடைகளும் பார்க்கக்கூடிய மின்சீட்டு ஒன்றை உருவாக்கி, ஓர் இடத்தில் மருந்து தந்ததும் அது எல்லா இடத்திலும் செல்லாததாக வேண்டும். ஒவ்வொரு பொட்டலத்திலும் மருந்தை எடுத்துக்கொடுத்த மருந்தாளுநரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். மருந்தைத் தேர்ந்தெடுத்தபின் மருத்துவரை அழைக்கும் ஏற்பாடு நிறுத்தப்பட வேண்டும்.

வாங்கும் முன்

விதி வரும்வரை காத்திருக்க நோயால் முடியாது. ஆகவே ஆன்லைனில் வாங்குபவர்கள் சிலவற்றைத் தாங்களே கவனித்தாக வேண்டும். தளத்தில் விற்பவரின் உரிம எண்ணும் முகவரியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கே வாங்காதீர்கள். ‘ஆர்எக்ஸ்’ மருந்தைச் சீட்டுக் கேட்காமல் தரும் தளம் நல்ல தளம் அன்று. பொட்டலம் வந்ததும் பில்லில் உள்ள பேட்ச் எண்ணும் மாத்திரை அட்டையில் உள்ளதும் ஒன்றா, காலாவதி தேதி சரியா என்று ஒப்பிடுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், மில்லிகிராம் மாறியிருந்தாலும் சாப்பிடாமல் மருத்துவரைக் கேளுங்கள். அதிகம் விற்கும் 300 பிராண்டுகளின் உறையில் 2023 ஆகஸ்ட் முதல் கியூஆர் குறியீடு கட்டாயம்; அதை ஸ்கேன் செய்து பாருங்கள். இன்சுலினும் தடுப்பூசியும் குளிர்ச்சி குறையாமல் வரவில்லை என்றால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். தூக்க மாத்திரை, வலுவான வலிநிவாரணி, ஆன்டிபயாடிக் ஆகியவற்றை, முடிந்தவரை, உங்களை அறிந்த மருந்தாளுநரிடம் நேரில் வாங்குங்கள்.

மருந்தால் ஒவ்வாமையோ பக்கவிளைவோ நேர்ந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். பில் தராதது, வேறு மருந்து அனுப்பியது போன்ற குறைகளுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மருந்தின் தரத்திலோ விற்பவரின் உரிமத்திலோ சந்தேகம் இருந்தால் உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பில்லையும் மாத்திரை அட்டையையும் தூக்கி எறியாமல் புகாரோடு இணையுங்கள்.